வடக்குச் சுவரில் ஒட்டிய கண்ணாடி

பழைய கட்டடங்களைப் பழுதுபார்க்கும் வேலைக்குப் புதிதாக வருகிறவர்களுக்கு நடக்கும் பயிற்சி வகுப்பில் என்னைப் பற்றி ஒரு கதை சொல்கிறார்கள் என்று கேள்விப்பட்டேன். புயல் நாளில், கீழ்வேளூருக்குப் பக்கத்தில் ஓர் ஊரில், பழைய சத்திரத்துக்குள் ஒதுங்கியிருந்த ஜனங்களை ஒரு பொறியாளர் எப்படியோ பேசி வெளியே கொண்டுவந்தார். அவர்கள் போன பிறகு சுவர் இடிந்து, மேல்தளம் உள்ளே விழுந்தது. ஓர் உயிர்கூடப் போகவில்லை. சரியான நேரத்தில் எடுத்த சரியான முடிவு என்று கதையை முடிக்கிறார்களாம்.

அந்தக் கதையில் பொய் ஏதும் இல்லை. ஒரு பகுதி விட்டுப்போயிருக்கிறது. விட்டவன் நான்தான். அதைச் சொல்வதற்காக, அந்த வகுப்பில் உட்காரும் உங்களுக்கு இதை எழுதுகிறேன்.

அந்தச் சத்திரத்தை நீங்கள் பார்த்திருக்க மாட்டீர்கள். கடற்கரைக் கோயில்களுக்கு நடந்து போகிறவர்கள் தங்குவதற்காகக் கட்டியது. செங்கல்லும் சுண்ணாம்பும். நடுவில் நீண்ட கூடம், வடக்கே சுவரை ஒட்டினாற்போல் வாய்க்கால். யாத்திரை போகிறவர்கள் பஸ்ஸில் போக ஆரம்பித்த பிறகும் ஊர் அதைக் கைவிடவில்லை. கல்யாணம் அங்கே, பஞ்சாயத்துக் கூட்டம் அங்கே, அறுவடை முடிந்தால் முற்றத்தில் நெல் காயும். முக்கியமாக, புயல் வந்தால் சத்திரம். குடிசையில் இருப்பவர்களும், கூரை ஒழுகும் தொகுப்பு வீட்டில் இருப்பவர்களும் பாயைச் சுருட்டிக்கொண்டு அங்கேதான் போவார்கள். யாரும் அவர்களுக்குச் சொல்ல வேண்டியதில்லை. அந்தச் சுவர்களின் மேல் அவ்வளவு நம்பிக்கை.

அதைப் பழுதுபார்க்கும் வேலை என்னிடம் வந்தபோது வடக்குச் சுவர் ஆள் உயரத்துக்கு ஈரம் பூத்து, சுண்ணாம்புப் பூச்சு உதிர்ந்துகொண்டிருந்தது. உள்பக்கம் மெல்லிய விரிசல் ஒன்று. வாய்க்கால் கசிவுதான் எல்லாவற்றுக்கும் காரணம் என்று முடிவு செய்தேன். வாய்க்காலுக்கும் அஸ்திவாரத்துக்கும் நடுவே, மண்ணுக்குள் கான்கிரீட் தடுப்பு ஒன்றை இறக்கினேன். ஈரம் நின்றது. பூச்சும் உதிராமல் நின்றது. பார்க்க வந்தவர்களிடமெல்லாம் அந்தத் தடுப்பைப் பற்றித்தான் பெருமையாகப் பேசினேன்.

நமது மண் களிமண். ஈரம் போனால் சுருங்கும். இது எனக்குத் தெரியாதா? சித்திரை வெயிலில் வயல் பாளம் பாளமாக வெடித்து, கால் இறங்கும் அளவுக்கு வாய் பிளந்து கிடப்பதைப் பார்த்து வளர்ந்தவன் நான். வாய்க்கால் கோடையில் வற்றினாலும், அதற்கு முன் பல மாதம் ஊறிய ஈரம்தான் அந்தச் சுவருக்கு அடியில் மண்ணைத் தாங்கலாக வைத்திருந்தது. என் தடுப்பு அந்த ஈரத்தை நிறுத்திவிட்டது. வயலில் பார்த்த வெடிப்பையும் என் சுவரையும் நான் சேர்த்து யோசிக்கவில்லை. இதுவரை இது வெறும் பிழை. பிழை எல்லோருக்கும் வரும், உங்களுக்கும் வரும். நான் சொல்ல வந்தது இதற்குப் பிறகு நடந்தது.

விரிசலுக்குக் குறுக்கே மெல்லிய கண்ணாடித் துண்டு ஒன்றை ஒட்டி வைக்கும் வழக்கம் உங்களுக்குத் தெரியும். சுவர் அசையாவிட்டால் கண்ணாடி அப்படியே இருக்கும். மயிரிழை நகர்ந்தாலும் உடைந்துவிடும். இன்று அதற்குக் கருவிகள் எவ்வளவோ வந்துவிட்டன. அன்று எங்களுக்குக் கண்ணாடிதான். வேலை தொடங்கும்போதே வடக்குச் சுவரில் ஒன்று ஒட்டியிருந்தோம்.

வேலை முடிந்து, ஆவணியில் திறப்பு விழா என்று நாள் குறித்தாகிவிட்டது. பெரிய மனிதர்கள் வருவதாக இருந்தது. ஊரில் முதல் முகூர்த்தத்திலேயே இரண்டு கல்யாணம் சத்திரத்தில் நடத்துவதாகப் பேசி வைத்திருந்தார்கள். ஆடி மாதம் ஒருநாள் காலை, என்னோடு வேலை செய்த உதவிப் பொறியாளர் கலைவாணி கூடத்திலிருந்து என்னைக் கூப்பிட்டார்.

"சார், கண்ணாடி உடைஞ்சிருக்கு."

போய்ப் பார்த்தேன். குறுக்கே ஒரே கோடு. சுத்தமான உடைப்பு.

அந்த நிமிடம் என் மனதில் ஓடியதை மறைக்காமல் சொல்கிறேன். முதலில் தடுப்பு நினைவுக்கு வந்தது. இந்தக் கண்ணாடி சொல்வது சரி என்றால் என் தடுப்புதான் தப்பு. இரண்டாவதாக, நான் வேலைக்குச் சேர்ந்த புதிதில் எனக்கு மேலதிகாரியாக இருந்த ஒருவர் நினைவுக்கு வந்தார். மன்னார்குடிப் பக்கம் ஒரு கோபுரத்தில் இதேபோல் கண்ணாடி உடைந்தது. கும்பாபிஷேகத்துக்குப் பந்தல் போட்டாகிவிட்ட நேரம். அவர் யோசிக்கவே இல்லை, மேலே யாரும் ஏறக் கூடாது என்று நிறுத்திவிட்டார். விழா தள்ளிப்போயிற்று. இன்ஜினியர் கண்ணாடி ஜோசியம் பார்க்கிறார் என்று கடைத்தெருவில் அவர் காது படவே பேசினார்கள். கடைசியில் அந்தக் கோபுரத்துக்கு ஒன்றும் ஆகவில்லை. அவருக்குத்தான் மாற்றல் வந்தது. பெட்டியைக் கட்டிக்கொண்டு போன அன்றும் அவர் முகத்தில் கவலை இருந்ததாக எனக்கு நினைவில்லை. நன்றாகத் தூங்கி எழுந்தவர் மாதிரி இருந்தார். நானோ அந்த முகத்தைக் கணக்கில் எடுக்காமல் மாற்றலை மட்டும் மனதில் வைத்துக்கொண்டேன்.

"ஒட்டும்போதே கீறல் இருந்திருக்கும்மா. புதுசு ஒண்ணு ஒட்டிடு," என்றேன்.

கலைவாணி சட்டென்று நகரவில்லை. "எழுதி அனுப்ப வேண்டாமா சார்?" என்று மட்டும் கேட்டார்.

"உடைஞ்ச கண்ணாடிக்கெல்லாம் எழுதிக்கிட்டிருந்தா வேலை நடக்குமா?"

அவர் பழையதைச் சுரண்டி எடுத்துவிட்டுப் புதியதை ஒட்டினார். நான் பக்கத்தில் நின்று, நேராக இருக்கிறதா என்று பார்த்தேன். விழா நடந்தது. கல்யாணங்கள் நடந்தன. அதற்குப் பிறகு நான் அந்த ஊர்ப் பக்கம் போகவில்லை. அந்தச் சாலையில் வேறு வேலையாகப் போனபோதுகூட வண்டியை நிறுத்தச் சொல்லவில்லை. புதுக் கண்ணாடி முழுசாக இருக்கிறதா என்று பார்க்க எனக்குப் பயம். பார்க்காத வரைக்கும் அது முழுசாகத்தான் இருக்கிறது என்று வைத்துக்கொண்டேன்.

கார்த்திகையில் புயல் எச்சரிக்கை வந்தது.

முதல் நாள் சாயங்காலமே நான் போன் செய்திருக்க வேண்டும். இந்தக் காலத்தில் யார் சத்திரத்துக்குப் போகப் போகிறார்கள், பள்ளிக்கூடத்தில் கான்கிரீட் கட்டடம் இருக்கிறதே என்று எனக்கு நானே சமாதானம் சொல்லிக்கொண்டேன். விடிந்ததும் மனசு கேட்காமல் ஊராட்சித் தலைவருக்குப் பேசினேன். அவர் உற்சாகமாக இருந்தார்.

"எல்லாரையும் சத்திரத்துக்குக் கூட்டியாந்துட்டோம் சார். நீங்க பாத்துப் பாத்துச் செஞ்சு கொடுத்தது, இதவிட்டா வேற என்ன கெட்டி?"

பள்ளிக்கூடத்துக்குப் போகலாமே என்றேன். அது தென்னந்தோப்பைத் தாண்டி மறுகோடியில் இருக்கிறது, சாவி தலைமையாசிரியரிடம், அவர் திருவாரூரில் இருக்கிறார் என்றார். அப்போது காற்று இன்னும் எழவில்லை. தூறல்தான். 'சுவர் நகர்கிறது, ஆடியிலேயே தெரியும், உடனே வெளியே வாருங்கள்' என்று ஒரு வாக்கியம். அதைச் சொல்லியிருந்தால் பூட்டை உடைத்துக்கொண்டு பள்ளிக்கூடத்துக்குள் போயிருப்பார்கள்.

"நான் நேர்ல வர்றேன்," என்று சொல்லிப் போனை வைத்தேன்.

நேரில் போவதைப் பொறுப்பான காரியமாகத்தான் எல்லோரும் நினைப்பார்கள். நானும் அப்படித்தான் நினைத்துக்கொண்டேன். உண்மையில், அந்த வாக்கியத்தைச் சொல்லாமல் தள்ளிப்போட எனக்குச் சில மணி நேரம் கிடைத்தது.

கலைவாணியையும் ஏற்றிக்கொண்டு தஞ்சாவூரிலிருந்து கிளம்பினேன். திருவாரூர் தாண்டியதும் மழை காரின் மேல் அடிக்க ஆரம்பித்தது. சாலையில் கிளைகள். இரண்டு இடத்தில் இறங்கி மட்டையை இழுத்துப் போட்டுவிட்டுப் போனோம். போன் செத்துவிட்டது.  சுவரில் ஒட்டிய கண்ணாடி முழுசாக இருக்க வேண்டும், இருந்தால் நாளைக்கே எல்லாவற்றையும் எழுதி அனுப்பிவிடுகிறேன் என்று வழி நெடுக வேண்டிக்கொண்டே போனேன். கேட்டால் சிரிப்பீர்கள். கடவுளிடம்கூட நான் பேரம்தான் பேசினேன்.

சத்திரத்துக்குள் நுழைந்தபோது மதியம் தாண்டியிருந்தது. கூடம் நிறைய ஜனம். பாய்கள், பாத்திரங்கள், மூலையில் நாலைந்து ஆடுகள். ஒரு பக்கம் குண்டானில் சோறு வெந்துகொண்டிருந்தது. அடுப்பைப் பார்த்துக்கொண்டிருந்தவர் பக்கிரிசாமி. வயல் வேலை செய்கிறவர், பழுதுபார்ப்பு நடந்தபோது எங்களிடம் செங்கல் சுமந்தவர், வாய் ஓயாதவர்.

"வாங்க சார், இன்ஜினியரே புயலுக்கு இங்கதான் ஒதுங்குறாரு, அப்ப நமக்கென்ன," என்று கூடம் முழுக்கக் கேட்கும்படி சொன்னார். எல்லோரும் சிரித்தார்கள்.

குழந்தைகளைக் காற்று படாமல் வடக்குச் சுவரோரம் படுக்க வைத்திருந்தார்கள். அவர்களைத் தாண்டிப் போய்க் கண்ணாடியைப் பார்த்தேன். உடைந்திருந்தது. உடைந்த இரண்டு துண்டும் ஒரே மட்டத்தில் இல்லை. ஒன்று மற்றதைவிட நன்றாக வெளியே தள்ளியிருந்தது. வாய்க்கால் நிரம்பி, தடுப்பின் மேலாகத் தண்ணீர் வழிந்து, காய்ந்து கிடந்த அஸ்திவார மண்ணுக்குள் இறங்கிக்கொண்டிருந்தது.

அப்போதாவது சொன்னேனா என்றால் இல்லை. மழை பலமாக வருமாம், பள்ளிக்கூடத்துக்குப் போய்விடுவது நல்லது என்று தலைவரிடம் ஆரம்பித்தேன். அவருக்குப் புரியவில்லை. இந்த மழையில் பிள்ளைகளை ஏன் வெளியே இழுக்க வேண்டும் என்று பெண்கள் கேட்டார்கள். நியாயமான கேள்வி. பழைய கட்டடம், மேல்தளம், காற்றழுத்தம் என்று என்னென்னவோ சொன்னேன். எங்கள் பாட்டன் காலத்திலிருந்து நிற்கிறது என்றார்கள். போன தடவை வந்த புயலில் பள்ளிக்கூடத்து ஓடுதான் பறந்தது என்றார்கள். அது பழைய பள்ளிக்கூடம், இது கான்கிரீட் என்றேன். இப்படியே பேச்சு வளர்ந்தது. நான் சொன்ன காரணம் எதிலும் உயிர் இல்லை, அவர்கள் நகரவில்லை. வெளியே காற்றின் சத்தம் மாறிக்கொண்டே வந்தது. முதலில் இரைச்சல், பிறகு விட்டு விட்டு அறைவது போல.

கலைவாணி என்னையே பார்த்துக்கொண்டு நின்றார். அவர் வாயைத் திறக்கப் போகிறார் என்று தெரிந்தது. அதற்கு முந்திக்கொண்டு, சுவரிலிருந்து ஒரு கண்ணாடித் துண்டைப் பிய்த்து எடுத்துத் தலைவரிடம் காட்டினேன்.

"இந்தச் சுவர் நகருது. இப்பத்தான் உடைஞ்சிருக்கு. பிள்ளைங்களைத் தூக்குங்க."

'இப்பத்தான்.' அந்த ஒரு சொல்லைத்தான் உங்களிடம் சொல்ல வேண்டும் என்று இத்தனை நாள் நினைத்துக்கொண்டிருந்தேன். அவர்களை வெளியே கொண்டுவரவும் அது போதுமானதாக இருந்தது, என்னைக் காப்பாற்றிக்கொள்ளவும் போதுமானதாக இருந்தது.

கண்ணாடியைக் கண்டதும் யாரும் எதிர்த்துப் பேசவில்லை. பிள்ளைகளைத் தோளில் போட்டுக்கொண்டு, ஒருவரை ஒருவர் பிடித்துக்கொண்டு கிளம்பினார்கள். ஆனால் அதற்குள் காற்று முழுதாக எழுந்துவிட்டது. தென்னந்தோப்பின் நடுவே போகும் பாதைதான் ஒரே வழி. கலைவாணி முன்னால் போய்ப் பள்ளிக்கூடப் பூட்டைக் கல்லால் உடைத்தார். நான் சத்திர வாசலில் நின்று கடைசி ஆள் வரை அனுப்பினேன். கடைசியாக வந்தது பக்கிரிசாமியும் இன்னொருவரும். குண்டானைக் கழியில் மாட்டித் தோளில் தூக்கிக்கொண்டு வந்தார்கள். விட்டுவிட்டு வாருங்கள் என்று கத்தினேன்.

"வெந்த சோத்த விட்டுட்டுப் போவாங்களா சார்? ராத்திரிக்குப் பிள்ளைங்க என்ன தின்னும்?"

நான் அவர்களுக்குப் பின்னால் போனேன். தோப்பில் பாதி தூரம் போயிருப்பார்கள். மரம் முறிகிற சத்தம் எனக்குக் கேட்கவில்லை. பக்கிரிசாமி விழுந்து கிடந்ததையும், அவர் இடது காலுக்குக் குறுக்கே தென்னை மரம் கிடந்ததையும், மழையில் சோறு சிதறி வெள்ளையாகப் பரவிக் கிடந்ததையும்தான் பார்த்தேன்.

அவரைப் பள்ளிக்கூடத்துக்குத் தூக்கிக்கொண்டு போய், விடிந்து சாலை திறக்கும் வரை காத்திருந்தோம். கலைவாணி தன் துப்பட்டாவைக் கிழித்து அவர் காலில் கட்டிவிட்டுப் பக்கத்திலேயே உட்கார்ந்திருந்தார். ஆஸ்பத்திரியில் முழங்காலுக்குக் கீழே எடுத்துவிட்டார்கள்.

காலையில் போய்ப் பார்த்தால் வடக்குச் சுவர் இல்லை. சுவர் வெளியே சாய, மேல்தளம் உள்ளே சரிந்திருந்தது. குழந்தைகள் படுத்திருந்த இடத்தில் என் இடுப்பு உயரத்துக்குச் செங்கல். ஒரு பெண் வந்து என் இரண்டு கைகளையும் பிடித்துக் கண்ணில் ஒற்றிக்கொண்டாள். கைகளை இழுத்துக்கொள்ள எனக்குத் தைரியம் வரவில்லை.

திரும்பி வரும்போது காரில் கலைவாணி சொன்னது இவ்வளவுதான்: "நானா யார்கிட்டயும் போய்ச் சொல்ல மாட்டேன் சார். யாராவது கேட்டா இல்லைன்னும் சொல்ல மாட்டேன்." யாரும் கேட்கவில்லை. சில மாதத்தில் அவர் வேறு மாவட்டத்துக்கு மாற்றல் வாங்கிக்கொண்டு போய்விட்டார்.

எனக்குப் பொன்னாடை போர்த்தினார்கள். பாராட்டு வந்தது. ஊர்க்காரர்கள் ஒவ்வொரு பொங்கலுக்கும் ஒரு சிப்பம் புது அரிசி அனுப்பினார்கள், ஓய்வு பெற்ற பிறகும் நிறுத்தவில்லை. அந்தச் சோற்றை நாங்கள் குடும்பத்தோடு சாப்பிட்டோம். ஒவ்வொரு கவளத்திலும் எனக்குக் குற்ற உணர்ச்சி இருந்தது என்று சொன்னால் அது பொய். நன்றாகத்தான் இருந்தது. அதைத்தான் இப்போது தாங்க முடியவில்லை.

இந்த ஆண்டு அரிசி வந்த மறுநாள், பயிற்சி வகுப்பில் என் கதையைச் சொல்கிறார்கள் என்ற செய்தியும் வந்தது. அன்று முழுக்க மனசு நிலைகொள்ளவில்லை. அந்தக் கதையைக் கேட்ட யாரோ ஒருவர், எங்கோ ஒரு சுவரில் உடைந்த கண்ணாடியைப் பார்த்துவிட்டு, கடைசி நேரத்தில் ஓடிப்போய்க் காப்பாற்றிக்கொள்ளலாம் என்று இருந்துவிட்டால்?

பக்கிரிசாமியைப் பார்க்கப் போனேன். நெல் கொள்முதல் நிலையத்தில் காவல் இருக்கிறார். குவித்துக் கிடந்த நெல்லுக்கு நடுவே, படுதாக்களைப் பக்கத்தில் மடித்து வைத்துக்கொண்டு நாற்காலியில் உட்கார்ந்திருந்தார். செயற்கைக் காலைக் கழற்றிப் பக்கத்தில் சாத்தியிருந்தார். என்னைப் பார்த்ததும் எழுந்திருக்கப் பார்த்தார். நான் வேண்டாம் என்றேன். டீ சொல்லப் போனார். அதையும் தடுத்துவிட்டு, ஆடி மாதம் கண்ணாடி உடைந்ததிலிருந்து எல்லாவற்றையும் சொன்னேன்.

முடிக்கும் வரை அவர் கேட்டுக்கொண்டிருந்தார். நெல்லில் மேய வந்த ஆட்டை ஒரு தடவை மட்டும் கழியை ஓங்கி விரட்டினார்.

"ஆடியிலயா?" என்றார், நான் முடித்த பிறகு.

"ஆமா."

"அப்பவே சொல்லியிருந்தா?"

"சத்திரத்தைப் பூட்டியிருப்போம்."

"அப்ப நாங்க காலையிலயே பள்ளிக்கூடத்துக்குப் போயிருப்போம். தூறல்ல."

"ஆமா."

"சோத்தையும் அங்கயே வடிச்சிருப்பேன்."

 அவர் சாத்தி வைத்திருந்த காலை எடுத்து, நிதானமாக மாட்டி, வாரை இழுத்துக் கட்டினார். ஊர்க்காரர்களிடம் இதைச் சொல்ல வேண்டுமானால் சொல்லுங்கள், நான் மறுக்க மாட்டேன் என்றேன்.

"நான் எதுக்குங்க சொல்லணும்? நான் சொன்னா, கால் போன வயித்தெரிச்சல்ல பேசுறாம்பாங்க. குடியரசு தினத்துக்குக் கிராம சபை இருக்கு. நீங்க வந்து சொல்லுங்க."

அதுவரை என்னை 'சார்' என்று கூப்பிடாமல் அவர் ஒரு வாக்கியம் பேசி நான் கேட்டதில்லை. அன்று நான் கிளம்பும்வரை அந்தச் சொல் வரவில்லை.

உங்களுக்கு நான் சொல்லக்கூடியது கொஞ்சம்தான். கண்ணாடி உடைந்த அன்று வெயில் அடித்துக்கொண்டிருக்கும், எல்லாம் வழக்கம்போல் நடந்துகொண்டிருக்கும், உங்கள் பேச்சை யாரும் ரசிக்க மாட்டார்கள். சொல்ல வேண்டிய நாள் அதுதான். அன்று சொன்னால் உங்கள் பெயர் கெடும், அதோடு போகும். காற்று எழுந்த பிறகு சொன்னால் உங்களுக்குப் பொன்னாடை போர்த்துவார்கள். கால் வேறு ஒருவருக்குப் போயிருக்கும். வகுப்பில் இனி அந்தக் கதையைச் சொல்வதானால் ஆடி மாதத்திலிருந்து ஆரம்பிக்கும்படி கேட்டுக்கொள்கிறேன்.

கிராம சபை நாளை மறுநாள். என்ன பேச வேண்டும் என்று யோசித்து யோசித்துப் பார்க்கிறேன். புயலன்று இருந்த பயத்தைவிட இந்தப் பயம் பெரிதாக இருக்கிறது. இந்தப் பொங்கலுக்கு வந்த அரிசிச் சிப்பத்தை இன்னும் பிரிக்கவில்லை. அதை வண்டியில் எடுத்துப் போகிறேன். பேசி முடித்த பிறகு கூட்டத்தின் நடுவில் இறக்கி வைப்பேன். அதற்குப் பிறகும் யாராவது தூக்கிக் கொடுத்தால் வாங்கி வருவேன்.